ஒரு படி பின்னால் வந்த துப்பாக்கி

த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியின் போல்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் அதை அடித்து உள்ளே தள்ளக் கூடாது. குழல் வாயை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும். தோட்டா மேகசினை விட்டுக் கிளம்பவே இல்லையா? கிளம்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு பாதியில் நிற்கிறதா? அறைக்குள் முக்கால்வாசி போய் முட்டிக்கொண்டதா? இல்லை, சுட்டு முடித்த காலிக்கூடு வெளியே வர மறுக்கிறதா? நான்குக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு.

ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவராக, இருந்து ஓய்வுபெற்ற ஓட்டப்பிடாரத்து அண்ணாச்சி ஒருவர்தான் இதை எனக்குச் சொல்லித் தந்தவர். "துப்பாக்கி சும்மா மாட்டாது தம்பி. இதுக்கு முன்னால எவன் கையில இருந்துச்சு, எந்த ரூம்ல கெடந்துச்சு, எந்தக் காலத்து ரவுண்டப் போட்டான், எல்லாத்தையும் அது சொல்லும். நாமதான் காது குடுத்துக் கேக்கணும்" என்பார். அவர் பேச்சைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு பழைய துப்பாக்கியின் ஒவ்வொரு கோளாறும் அதன் பயணத்தில் ஏதோ ஓர் ஊரில் போய் நிற்கிறது. பெரும்பாலும் அந்த ஊரில் யாரோ ஒருவர், இவர்களுக்கு இது போதும் என்று முடிவு செய்திருக்கிறார்.

பயணம் தொடங்கியது லண்டனுக்கு வடக்கே உள்ள என்பீல்டில். போல்ட்டும் அடிப்பக்கத்து மேகசினும் ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் வடிவமைப்பு. ஸ்காட்லாந்தில் 1831இல் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்காவில் தொழில் செய்தவர். அவருடைய அமைப்பை 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. அப்போது குழலுக்குள் இருந்த வரிப்பள்ளங்கள் மெட்போர்ட் என்பவர் வகுத்தவை, ஆழம் குறைந்தவை. கரிமருந்துக்கு அது சரியாக இருந்தது. 1891இல் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்ததும், அதன் சூடு பள்ளங்களைச் சீக்கிரமே தின்றுவிட்டது. என்பீல்ட் தொழிற்சாலை ஆழமான பள்ளங்களை வெட்டியது. 1895இல் லீ-என்பீல்ட் என்ற பெயர் வந்தது இப்படித்தான். காலாட்படைக்கு நீளம், குதிரைப்படைக்குக் குட்டை என்று இரண்டு வைத்துக்கொள்ளாமல் இருவருக்கும் பொதுவாக ஒரே அளவில் குறுக்கி, 1907இல் மூன்றாம் மார்க் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 4 கிலோ எடை, 10 தோட்டா கொள்ளும் மேகசின். நம் ஊர்க் காவலர் தோளில் தொங்கியதை நாம் பார்த்தது பெரும்பாலும் அந்த மூன்றாம் மார்க்கும் அதன் வழிவந்தவையும்தான்.

.303 அங்குலம் என்பது குழலின் உள்விட்டம். தோட்டாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அதன் அடியில் ஒரு விளிம்பு கூட்டின் உடலைவிட அகலமாகத் துருத்திக்கொண்டிருக்கும். முந்தைய காலத்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளுக்கு அந்த விளிம்பு மிக வசதி. அறையின் வாயில் தோட்டா எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று நிறுத்துவதும் அதுதான், சுட்ட பிறகு இழுப்பான் கொக்கி போட்டுப் பிடிப்பதும் அதைத்தான். ஆனால் பத்துத் தோட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு பெட்டிக்குள் அடுக்கும்போது அதே விளிம்பு வம்பாகிவிடுகிறது. ஜெர்மானியர்கள் தங்கள் மவுசர் துப்பாக்கியில் விளிம்பு துருத்தாத தோட்டாவுக்குப் போய்விட்டார்கள். பிரிட்டன் பழைய விளிம்போடு நின்றது. பிரென் எந்திரத் துப்பாக்கியின் மேகசின் வளைந்திருப்பதற்குக்கூட இந்த விளிம்புதான் காரணம்.

அண்ணாச்சி மேசைமேல் இரண்டு காலிக்கூடுகளைப் படுக்க வைத்துக் காட்டினார். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் போல்ட் தள்ளியதும் மேலது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மேல் விளிம்பு பின்னால் விழுந்துவிட்டால், தள்ளும்போது அது கீழ்த் தோட்டாவின் விளிம்பில் மாட்டி அதையும் சேர்த்து இழுக்கும். கூட்டை விரலால் தள்ளிப் பாருங்கள் என்றார். மாட்டிய இடத்தில் பித்தளையும் பித்தளையும் உரசி ஒரு சின்ன 'டிக்' கேட்டது. போல்ட் பாதியில் நிற்கிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். மேகசினைக் கழற்றி, தோட்டாக்களை எடுத்து, ஒவ்வொன்றாக விளிம்பு பார்த்துத் திரும்ப அடுக்கினால் போதும்.

ஐந்து தோட்டாவைப் பிடித்திருக்கும் சார்ஜர் கிளிப்பில் விளிம்புகளை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக மாற்றி அடுக்குவார்கள். தலைகீழாகத் திருப்பிச் செருகினாலும் சரியாக இறங்க வேண்டும் என்பதற்காக. பழக்கமுள்ள கை இதை யோசிக்காமலே செய்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை சுடுதளத்துக்குப் போகிறவரின் கைக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்? ஆகவே இந்த முதல் கோளாறிலேயே பாதிப் பழி பயிற்சியின்மைக்குப் போகிறது. சுமத்தப்படுவது மட்டும் காவலர் மேல்.

மீதிப் பாதி மேகசினின் வாயில் இருக்கிறது. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அந்த மெல்லிய தகட்டு உதடுகள் கீழே விழுந்தால் வளையும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் விரிந்தாலே தோட்டாவின் மூக்கு நிமிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்திருந்தால் தோட்டா மேலே எழும்பவே எழும்பாது, போல்ட் வெறுங்கையோடு போய் மூடிக்கொள்ளும். மேகசினை மாற்றிப் போட்டுப் பார்த்துக் கோளாறு போய்விட்டதென்றால் துப்பாக்கியில் குற்றமில்லை.

இந்தத் துப்பாக்கிக்குச் சிக்காத துப்பாக்கி என்று உலகப் பெயர் உண்டு. அதை ஈட்டிக்கொடுத்தது முதல் உலகப் போரின் சேறு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் கனடியப் படை ராஸ் என்ற சொந்த நாட்டுத் துப்பாக்கியோடு நின்றது. குறிபார்த்துச் சுடுவதில் அருமையான ஆயுதம். ஆனால் சேறும் சூடும் சேர்ந்ததும் போல்ட் இறுகிக்கொண்டது, காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. கனடிய வீரர்கள் ராஸைப் போட்டுவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்பீல்டை எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டே ராஸ் முன்வரிசையிலிருந்து விலக்கப்பட்டது. லீ-என்பீல்டின் அறையைச் சற்றுத் தாராளமாகவே கடைந்திருந்தார்கள், அழுக்குப் படிந்த தோட்டாவும் உள்ளே போகட்டும் என்று. போர்க்களத்தில் உயிர் காத்த அந்தத் தாராளமே துப்பாக்கியின் முதுமையில் என்ன செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இனி இந்தியப் பாதை. 1857இல் வெடித்த கலகத்துக்கு உடனடிக் காரணமாக இருந்ததும் ஓர் என்பீல்ட் துப்பாக்கிதான், கொழுப்புத் தடவிய அதன் தோட்டா உறைதான். அந்தக் கலகத்துக்குப் பிறகு ஆங்கில அரசு ஒரு கொள்கையை வைத்துக்கொண்டது: இந்தியச் சிப்பாய்க்குக் கொடுக்கும் துப்பாக்கி வெள்ளைக்காரச் சிப்பாயுடையதைவிட ஒரு தலைமுறை பழையதாக இருக்க வேண்டும். அவர்கள் புதியதற்குப் போனால் பழையது இவர்களுக்கு. 1914இல் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது, கொண்டுவந்த துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொண்டு வேறு துப்பாக்கி கொடுக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்தவை பழைய தோட்டாவுக்கு அளவெடுத்தவை. கையில் புதிதாய் வாங்கிய ஆயுதத்தோடுதான் அவர்கள் குளிரிலும் சகதியிலும் இறக்கப்பட்டார்கள்.

காவல்துறைக்கு வரும்போது அந்த ஒரு படி இரண்டு படியானது. .410 மஸ்கட் என்று ஒன்று. வெளியே பார்த்தால் அச்சு அசல் லீ-என்பீல்ட். உள்ளே வரிப்பள்ளம் கிடையாது, வழவழவென்ற குழல். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை வைத்து அடைத்திருப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். ராணுவத்தின் .303 தோட்டா அதற்கு ஆகாது. கிளர்ச்சிக்காரர் கையில் சிக்கினாலும், தூக்கியவனே கிளர்ச்சிக்காரனாக மாறினாலும், அதிகம் தீங்கு செய்ய முடியாதபடி யோசித்துச் செய்த ஏற்பாடு. நல்ல துப்பாக்கி ஒன்றை எடுத்து, அதன் திறமையை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, சொந்தக் காவலர் கையில் கொடுத்த ஆட்சி அது. அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நின்ற கான்ஸ்டபிளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கசக்கிறது.

இவற்றைச் செய்த இடம் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள இச்சாப்பூர். வெடிமருந்து ஆலையாக இருந்த ஊர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை ஆனது. துப்பாக்கியின் பிடிக்கு மேலே, போல்ட் கைப்பிடி மடங்கும் இடத்துக்குக் கீழே, ஓர் இரும்பு வளையம் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் அங்கேதான். ஒரு கிரீடம், ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்து, ஆண்டு என்று இருந்தால் அரசர் ஜார்ஜ் காலத்தது. அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் இருந்தால் விடுதலைக்குப் பிறகு பிறந்தது. முத்திரை மாறியது, கடைசல் எந்திரம் மாறவில்லை. பிரிட்டன் இரண்டாம் உலகப் போரிலேயே நான்காம் எண் துப்பாக்கிக்குப் போய்விட்ட பின்னும் இச்சாப்பூர் பழைய மூன்றாம் மார்க்கையே செய்துகொண்டிருந்தது. நம் ஊர் ஈரத்தில் மரம் பிளக்கிறது என்று முன்பக்கக் கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைக் கூடுதலாக இறக்கினார்கள். சில துப்பாக்கிகளின் குழலைச் சுற்றிக் கம்பி வரிந்து கட்டியிருக்கும். அவை கையெறி குண்டு வீசுவதற்காக ஒதுக்கியவை. குண்டு வீசிய குழலுக்கு விழும் அதிர்ச்சி அதிகம் என்பதால், அந்த வரிக்கட்டைப் பார்த்தாலே ஆர்மரர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

தோட்டாவுக்குள் இருந்த மருந்துக்கு நம் மலையிலேயே ஒரு வீடு இருந்தது. ஊட்டி மலை ரயிலில் குன்னூர் தாண்டிப் போனால் அருவங்காடு. அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை நூறாண்டு கடந்தது. கார்டைட் தூள் அல்ல, நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் பெட்ரோலியக் களிம்பும் சேர்த்துப் பிசைந்து சேமியாவைப் போலப் பிழிந்தெடுத்த இழை. அந்த இழைக்கட்டைக் கூட்டுக்குள் செருகிவிட்டுத்தான் கூட்டின் கழுத்தைக் குறுக்குவார்கள். நன்றாகச் செய்து, குளிர்ந்த இடத்தில் வைத்தால் நீண்ட நாள் கெடாது. தகரக் கூரைக்குக் கீழே கோடைகோடையாய்க் காய்ந்தால் நிலைமை வேறு. விசையை இழுத்து, ஊசி அடித்த சத்தம் மட்டும் கேட்டுத் தோட்டா வெடிக்கவில்லை என்றால் போல்ட்டை உடனே திறப்பதுதான் மிகப் பெரிய தவறு. பழைய தோட்டா சில நேரம் தாமதித்து வெடிக்கும். குழலை அப்படியே இலக்கின் பக்கம் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை போல்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் சைத்தான் சிங்கின் குமாவுன் கம்பெனி சீனத் தாக்குதலை எதிர்த்துக் கடைசி ஆள் வரை நின்றது. அவர்கள் கையிலும் .303தான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி. எதிரில் தானியங்கி ஆயுதங்கள். அந்தப் போருக்குப் பிறகு ராணுவம் அவசரமாக எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு மாறியது. இடைக்கால ஏற்பாடாக இச்சாப்பூர் அதே லீ அமைப்பை வைத்துக்கொண்டு, விளிம்பு துருத்தாத 7.62 தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1 என்று புதிய வகை செய்தது. விளிம்பு மாட்டும் கோளாறு அதில் அடியோடு ஒழிந்தது. எழுபது ஆண்டு கழித்து வந்த தீர்வு. ராணுவத்தில் தேவையற்றுப்போன .303கள் மாநிலங்களுக்கு இறங்கின. மாவட்ட ஆயுதப்படைக்கு, அங்கிருந்து காவல் நிலையத்துக்கு, ஊர்க்காவலுக்கு. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த ஒரு படி பின்னால் என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது. யாரும் உத்தரவு போட்டு வைத்திருக்கவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை.

ஓட்டப்பிடாரத்தில் இந்தத் துப்பாக்கியை எந்த வீட்டிலும் பார்க்க முடியாது. அதற்கு நீண்ட பின்னணி உண்டு. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படை அதைத் தாக்கியது, அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். உடனே பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும், ஆயுதங்களை ஒப்படைக்கவும், மீறினால் மரண தண்டனை என்றும் அறிவிப்பு வந்தது. 1801இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பிப் போரிட்டார். அது விழுந்த பின் ஆயுதக் களைவு இன்னும் கடுமையானது. அப்புறம் 1878இன் ஆயுதச் சட்டம். அந்தச் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்த ஓட்டப்பிடாரம் வட்டத்து மணியாச்சி ரயில் சந்திப்பில்தான். கையில் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி.

ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் கூடாது என்ற கட்டுப்பாடு விடுதலைக்குப் பிந்தைய 1959 சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே உரிமம் உள்ள விவசாயிக்கு இச்சாப்பூர் கொடுத்தது .315 விளையாட்டுத் துப்பாக்கி. போல்ட்டும் உடலும் லீ-என்பீல்டின் உடன்பிறப்பு, தோட்டா மட்டும் வேறு. தேர்தல் அறிவித்ததும் அதைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு திரும்பி வாங்க வேண்டும். திரும்பி வாங்கும்போது போல்ட் இழுபடவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. கழிவாய் வந்த ராணுவத் துப்பாக்கியைக் கடையில் வாங்கி வீட்டு மேசையில் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கும் பழக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்டு. இச்சாப்பூர் 2ஏ1கள் கடல் தாண்டி அங்கே போய் விற்றிருக்கின்றன. அங்கே வாங்குகிறவரின் முதல் வேலை, பெட்டியில் அடைத்தபோது தடவிய கெட்டி கிரீஸைக் கரைப்பது. போல்ட்டுக்குள்ளே ஊசியைச் சுற்றி உறைந்திருக்கும் கிரீஸ் ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடும், அடி மெதுவாக விழும், தோட்டா வெடிக்காது. வெளியே பளபளவென்று துடைத்துவிட்டு உள்ளே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கனடாவின் வடகோடியில் ரோந்து போகும் ரேஞ்சர் படையினர் 2010களின் இறுதி வரை லீ-என்பீல்டையே வைத்திருந்தார்கள், பனியிலும் போல்ட் உறையாது என்ற நம்பிக்கையில். பராமரித்தவர் கையில் இதே இரும்பு எப்படி உழைத்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

நம் கரையின் எதிரி பனி அல்ல, உப்பு. தூத்துக்குடியில் உப்பளத்துக் காற்று சுவரில் ஏறுகிறது, ஜன்னல் கம்பியைத் தின்கிறது. ஆயுதங்கள் வைக்கும் அறையை எங்கள் பக்கத்து ஆயுதப்படையில் பெல் ஆப் ஆர்ம்ஸ் என்பார்கள். அந்த அறைக்குள்ளும் அதே காற்றுதான். இது வெளி உப்பு. உள் உப்பு ஒன்று இருக்கிறது, ஆபத்து அதில்தான் கூடுதல். பழைய .303 தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகி, குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலமாய்ப் படிகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். சுட்டுவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் பழைய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கே இது விதி: சுட்ட அன்றே புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்று. இரும்பு சூடேறித் தானே காய்ந்துவிடும். பிறகு புல்-த்ரூ கயிற்றில் துணி கட்டி இழு, கடைசியில் எண்ணெய்.

அந்தக் கயிறும் எண்ணெய்ப் புட்டியும் துப்பாக்கிக்குள்ளேயே இருக்கும். தோளில் ஊன்றும் பட்டின் பித்தளைத் தகட்டில் ஒரு சின்ன மூடி. விரல் நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும். உள்ளே ஒரு பித்தளைப் புட்டி, மூடியில் எண்ணெய் தொட்டு வைக்கும் குட்டிக் கரண்டி கோத்திருக்கும். கூடவே சுருட்டிய கயிறு. கயிற்றின் நுனியில் கனமான பித்தளைக் குண்டு, அது குழலுக்குள் தானாக இறங்குவதற்கு. அண்ணாச்சி எந்தத் துப்பாக்கி வந்தாலும் இந்த மூடியைத்தான் முதலில் திறப்பாராம். "புட்டி இருக்கா, எண்ணெய் இருக்கா, கயிறு இருக்கா. மூணும் இருந்தா அந்தத் துப்பாக்கிக்கு ஒரு சொந்தக்காரன் இருந்திருக்கான்னு அர்த்தம்." வரும் துப்பாக்கிகளில் பலவற்றில் குழி காலியாகவே இருக்குமாம்.

துருவேறிய அறையில் தோட்டாவின் கூடு சுட்ட வேகத்தில் விரிந்து, சொரசொரப்பான சுவரைக் கவ்விக்கொள்ளும். இழுப்பானின் கொக்கி விளிம்பிலிருந்து நழுவிவிடும். இழுப்பானின் வில் சின்னது, தளர்ந்திருந்தால் மாற்றிவிடலாம். ஆனால் வில்லை மாற்றியும் கூடு வரவில்லை என்றால் அறையைத்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்தத் தாராளமான அறைக்கு வருகிறேன். லீ-என்பீல்டின் ஒவ்வொரு போல்ட்டும் அந்தந்தத் துப்பாக்கியின் உடலுக்கு என்று தேய்த்துப் பொருத்தியது. உடலில் உள்ள எண்ணே போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்திலும் வெட்டியிருக்கும். சுத்தம் செய்யும் நாளில் இருபது துப்பாக்கியின் போல்ட்டுகளையும் கழற்றி ஒரே தட்டில் போட்டுவிட்டு, எண் பார்க்காமல் திரும்ப மாட்டினால் எல்லாமே மாட்டிக்கொள்ளும், எல்லாமே மூடும். ஆனால் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மாறிவிடும். இடைவெளி கூடினால், தாராளமான அந்த அறைக்குள் சுடும்போது கூடு பின்னால் நீண்டு, அடியிலிருந்து சற்று மேலே வட்டமாக அறுந்துவிடும். விளிம்போடு அடிப்பகுதி மட்டும் வெளியே வந்து விழும். முன்பாதி அறைக்குள்ளேயே ஒரு பித்தளை வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சுட்டவருக்கு அது தெரியாது. கூடு வெளியே விழுந்ததைப் பார்த்தோமே என்று அடுத்த தோட்டாவைத் தள்ளுவார். அது முக்கால்வாசி போய் முட்டும். பலம் கொண்டு அழுத்துவார்.

அண்ணாச்சிக்கு இந்த ஒரு கோளாறுதான் பயம். வெளியே விழுந்த கூட்டைக் கையில் எடுத்து நீளம் பார், குட்டையாக இருந்தால் அடுத்த தோட்டாவைத் தொடாதே என்பது அவர் சுடுதளத்தில் ஒவ்வொருவரிடமும் சொல்வது. அறுந்த கூட்டை எடுக்க அந்தக் காலத்திலேயே ஒரு கருவி கொடுத்திருந்தார்கள், தோட்டா வடிவத்தில். அறைக்குள் செருகி போல்ட்டை மூடித் திறந்தால் வளையத்தைக் கவ்விக்கொண்டு வரும். அதை எடுத்ததோடு வேலை முடியாது. போல்ட் எண்ணையும் உடல் எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும், இடைவெளியை அளவுகோல் போட்டு அளக்க வேண்டும், போல்ட்டின் தலையை அடுத்த அளவுக்கு மாற்ற வேண்டும். அதுவும் சரிவராத துப்பாக்கியைச் சுடும் வேலையிலிருந்து விடுவித்துவிட வேண்டும். அப்படி விடுவிக்கப்பட்டவை டி.பி. என்ற முத்திரையோடு என்.சி.சி. மாணவர்களின் அணிவகுப்புக்குப் போயின. ஊசியை வெட்டி, குழலில் துளையிட்டு அனுப்புவார்கள். கல்லூரியில் நான் தோளில் சுமந்தது அப்படி ஒன்றைத்தான். துளை ஏன் என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் 50க்கும் மேற்பட்டோர் செத்தபோது, ஏ.கே. துப்பாக்கிகளுக்கு எதிரே நின்ற ரயில்வே காவலர்களில் சிலர் கையில் இந்தப் பழைய .303 இருந்தது, சிலர் கையில் லத்திதான். அந்த இரவைப் பற்றிய பேச்சில் காவலரின் தைரியத்தைக் கேள்வி கேட்டவர்கள், அவருக்குக் கொடுத்த துப்பாக்கியின் வயதைக் கேட்டிருக்க வேண்டும். சிக்காமல் சுட்ட நாட்களும் எங்கள் கரையில் உண்டு. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. கைதானதும் எழுந்த 1908 மார்ச் 13 கிளர்ச்சியில் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டுக்கு 4 பேர் பலியானார்கள். 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது 13 பேர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அதை விசாரித்து அறிக்கை தந்திருக்கிறது. துப்பாக்கியைப் பழுது பார்க்கும் கலையைப் பற்றி இந்த ஊரிலிருந்து எழுதுகிறவர் இந்த இரண்டு தேதிகளையும் விட்டுவிட்டு எழுத முடியாது.

2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேசக் காவல்துறை .303க்கு விடை கொடுத்தது. அதன் இடத்துக்கு வந்தவை எஸ்.எல்.ஆரும் இன்சாஸும். முதலாவது ராணுவம் 1960களில் எடுத்துப் பின்னர் கைவிட்டது. இரண்டாவதை ராணுவம் இப்போது கைவிட்டுக்கொண்டிருக்கிறது. இன்சாஸின் மேகசின் பிளாஸ்டிக். 1999 கார்கில் குளிரில் அது விரிசல் விட்டது, தோட்டா சிக்கியது என்று அன்றே புகார் எழுந்தது. வல்லநாட்டுச் சுடுதளத்தில் பயிற்சிக்கு வரும் இளைய ஆர்மரர்களிடம் அண்ணாச்சி சொல்லியனுப்புவது, புதுத் துப்பாக்கி வந்து இறங்கியதும் குழலைப் பார்க்கும் முன் மேகசின்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டைப் பாருங்கள், விரிசல் இருப்பதை அன்றே தனியாக எண் போட்டு எழுதி வையுங்கள் என்பது.